சென்னையில் குறைந்த வாடகைக்கு அறை எடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எழும்பூர் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் காந்தி இர்வின் சாலை. அதைத் தாண்டினால் கென்னட் லேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கிற தூரத்துக்குள்ளேயே வரிசையாக லாட்ஜுகள். சென்ட்ரல் பக்கம் போனால் பெரியமேடு, வால்டாக்ஸ் சாலை. கடற்கரைப் பக்கம் திருவல்லிக்கேணி. இவ்வளவு பெரிய ஊரின் நடுவில் சாதாரண மனிதர் கொடுக்கக்கூடிய வாடகையில் இன்னும் அறை கிடைக்கிறது என்பதே நல்ல விஷயம். இங்கே வந்து தங்குபவர்களில் பெரும்பாலானோர் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் இல்லை. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், ஹைகோர்ட் வாய்தாவுக்கு வந்தவர்கள், இன்டர்வியூவுக்கு வந்த பிள்ளைகள், சரக்கு எடுக்க வந்த சிறு வியாபாரிகள். அவர்களுக்கு 500 ரூபாய் பெரிய பணம். அந்தப் பணம் வீணாகக் கைவிட்டுப் போவது பெரும்பாலும் நேரக் கணக்கில்தான். அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

வாடகையை மட்டும் கேட்டு, செக்-அவுட் முறையைக் கேட்காமல் விடுவது

தென் மாவட்டங்களிலிருந்து வரும் இரவு ரயில்கள் பல, விடிவதற்கு முன்போ விடிகிற நேரத்திலோ எழும்பூருக்கு வந்துவிடும். மதுரையில் இரவு ஏறினால் பாண்டியன் எக்ஸ்பிரஸ் மறுநாள் காலை ஐந்து, ஐந்தரைக்கெல்லாம் கொண்டுவந்து விட்டுவிடும். ஆனால் ஆப்பில் பதிவு செய்த அறைக்கு செக்-இன் பகல் 12 மணி என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். கவுன்டரில் போய் நின்றால், "இப்பவே ரூம் வேணும்னா ஒரு நாள் வாடகை சேர்த்துத் தரணும்" என்பார்கள். நல்ல மனதுக்காரராக இருந்தால் அரை நாள் வாடகையோடு விடுவார்.

பழைய லாட்ஜுகள் பலவற்றில் வேறு முறை. நீங்கள் நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் ஒரு நாள். ரயிலில் விடியற்காலை வந்து இறங்குபவருக்கு இதுதான் வசதி. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வாடகை 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்கள் காலை ஐந்தரைக்கு வருகிறீர்கள், வேலை முடித்துவிட்டு அன்று இரவே ரயில். 24 மணி நேர லாட்ஜில் 1,200 ரூபாயோடு முடிந்தது. பகல் 12 மணிக் கணக்கு வைத்திருக்கும் இடத்தில், விடியற்காலை நுழைந்ததற்கு ஒரு நாள், பகல் 12 மணிக்குப் பிறகு இருந்ததற்கு இன்னொரு நாள், மொத்தம் 2,400. செவ்வாய் இரவு வரை தங்கினால் முதல் இடத்தில் 2,400, இரண்டாவது இடத்தில் 3,600. அந்த இரண்டாவது இடம் ஆப்பில் 200 ரூபாய் குறைவாக, 1,000 என்று காட்டினாலும் மூன்று நாள் கணக்கில் 3,000 ஆகிவிடும்!

24 மணி நேர முறையிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கவுன்டரில் பெரிய ரிஜிஸ்டரில் உங்கள் பெயர், ஊர், வந்த காரணம் எல்லாம் எழுதச் சொல்வார்கள். அதில் வந்த நேரத்துக்கு ஒரு கட்டம் இருக்கும். அதை நீங்களே எழுதுங்கள். ஊழியர் எழுதினால் ஐந்து ஐம்பதை ஐந்து மணி என்று முழுதாக்கிவிடுவது சகஜம். காலி செய்யும் நாளில் அந்த ஐம்பது நிமிடம் சண்டையாக மாறும். எவ்வளவு நேரம் தாமதமானால் பொறுத்துக்கொள்வார்கள், அதற்கு மேல் போனால் அரை நாளா முழு நாளா என்பதையும் சாவி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

குளித்து உடை மாற்றிக்கொண்டு கிளம்புவதற்கு மட்டும்தான் இடம் வேண்டும் என்றால் லாட்ஜே தேவையில்லை. எழும்பூரிலும் சென்ட்ரலிலும் ரயில்வேயின் ஓய்வறைகள் இருக்கின்றன. உறுதியான டிக்கெட்டின் பிஎன்ஆர் எண்ணை வைத்து ஐஆர்சிடிசி தளத்தில் பதிவு செய்யலாம். 12 மணி நேரத்துக்கும் எடுக்கலாம், 24 மணி நேரத்துக்கும் எடுக்கலாம். சீக்கிரம் நிரம்பிவிடும், அதனால் ரயில் டிக்கெட் உறுதியானதுமே பார்த்துவிடுவது நல்லது.

மறுநாள் காலை எங்கே போக வேண்டும் என்பதை மறந்து இடம் பிடிப்பது

எல்லோருக்கும் தெரிந்த இடம் என்பதற்காகவே எழும்பூரில் அறை எடுப்பவர்கள் உண்டு. சிறுசேரியிலோ சோழிங்கநல்லூரிலோ காலை ஒன்பது மணிக்கு இன்டர்வியூ என்றால் எழும்பூரில் தங்குவதில் அர்த்தமே இல்லை. வாடகையில் மிச்சம் பிடித்ததை ஆட்டோவுக்குக் கொடுத்துவிட்டு, ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) நெரிசலில் வேர்த்து விறுவிறுத்துப் போய் நிற்க வேண்டியதுதான். வேலை ஹைகோர்ட்டிலோ தலைமைச் செயலகத்திலோ என்றால் பாரிமுனை, மண்ணடிப் பக்கம் பாருங்கள். எழிலகம் என்றால் திருவல்லிக்கேணி. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை சென்ட்ரலுக்கு எதிரிலேயே இருக்கிறது, அதற்குப் பெரியமேடு போதும். குழந்தைகள் நல மருத்துவமனையும் அரசு கண் மருத்துவமனையும் எழும்பூரிலேயே இருக்கின்றன.

கோயம்பேடு விஷயத்தில் இன்னும் பலர் பழைய நினைப்பிலேயே இருக்கிறார்கள். 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு தென் மாவட்டப் பேருந்துகள் அங்கேயே நின்றுவிடுகின்றன. "பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ரூம்" என்று கோயம்பேட்டில் போட்டுவிட்டு, கிளாம்பாக்கத்தில் இறங்கி மூட்டை முடிச்சோடு விழிப்பவர்களை இன்றும் பார்க்கலாம். கிளாம்பாக்கத்திலிருந்து எழும்பூருக்கு 30 கிலோமீட்டர் இருக்கும். பேருந்தில்தான் வருவீர்கள், எழும்பூரில்தான் தங்குவீர்கள் என்றால் தாம்பரம் வரை வந்து அங்கிருந்து மின்சார ரயிலைப் பிடித்துவிடுங்கள். நெரிசல் நேரத்தில் அதைவிட வேகமான வழி கிடையாது.

சென்ட்ரலில் இறங்கி எழும்பூரில் தங்குபவர்களுக்கு ஒரு சின்னத் தகவல். மெட்ரோவில் சென்ட்ரலுக்கு அடுத்த ஸ்டாப்பே எழும்பூர். ஆட்டோவில் நூறு, நூற்றைம்பது கேட்கும் தூரத்துக்குக் குறைந்தபட்சக் கட்டணத்தோடு போய்விடலாம். ஆனால் மெட்ரோ விடியற்காலை ஐந்து மணி வாக்கில்தான் ஓடத் தொடங்கும். இரவு பதினொன்றுக்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

சிகிச்சைக்காக ஒரு வாரம், பத்து நாள் தங்குகிறவர்கள் தினவாடகை லாட்ஜ் எடுப்பது பெரிய தவறு. ஆயிரம் விளக்கு, கிரீம்ஸ் சாலைச் சுற்றுவட்டாரத்தில் நோயாளிகளின் குடும்பங்களுக்கென்றே விடுதிகள் இருக்கின்றன. வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வருபவர்கள் அங்கேதான் தங்குகிறார்கள். அடுப்பு, பாத்திரத்தோடு அறை தருவார்கள், கஞ்சி வைத்துக்கொள்ளலாம். மூன்று வேளையும் நோயாளிக்கு ஹோட்டல் சாப்பாடு வாங்கும் செலவும் உடல் கேடும் அதில் மிச்சம். வார வாடகை என்ன என்று கேளுங்கள், கேட்காமல் யாரும் குறைத்துத் தர மாட்டார்கள்.

போனில் பேசாமல் வந்து நிற்பது

ஆப்பில் "பணம் ஹோட்டலில் கொடுத்தால் போதும்" என்று பதிவு செய்துவிட்டு வருகிறோம். வந்தால், அந்த புக்கிங்கே வரவில்லை, அந்த ரேட்டுக்குக் கட்டுப்படியாகாது என்று சொல்லும் இடங்கள் உண்டு. விடியற்காலையில் வயதான அம்மாவை வைத்துக்கொண்டு யாரோடு வாதாடுவது? கிளம்புவதற்கு முந்தின நாளே லாட்ஜுக்குப் போன் செய்து பதிவு எண்ணைச் சொல்லி உறுதி செய்துகொள்ளுங்கள். ஜிஎஸ்டி சேர்த்த தொகையா என்றும் கேளுங்கள். ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 5 சதவீதம். அதற்கு முன் 12 ஆக இருந்தது. இன்னும் 12 என்று பில் போட்டால் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

போன் எண்ணை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். இணைய வரைபடங்களில் லாட்ஜின் பெயரில் வேறு யாரோ தங்கள் எண்ணைச் சேர்த்துவிட்டு, முன்பணம் வாங்கிக்கொண்டு காணாமல் போகிற மோசடி நடக்கிறது. ஜிபேயில் பணம் அனுப்பும்போது திரையில் லாட்ஜின் பெயரோ நிறுவனத்தின் பெயரோ வராமல் யாரோ தனி ஆளின் பெயர் வந்தால் அனுப்பாதீர்கள். முழு வாடகையையும் இப்போதே அனுப்பு என்று அவசரப்படுத்தினால் போனை வைத்துவிடலாம்.

மார்கழிக் கச்சேரி, புத்தகக் காட்சி, பொங்கல் எல்லாம் சேர்ந்து வரும் டிசம்பர், ஜனவரியிலும், பெரிய முகூர்த்த நாட்களிலும் நேரில் வந்து பேரம் பேசலாம் என்று நினைக்க வேண்டாம். மற்ற நாட்களில் நேரில் பேசினால் ஆப்பைவிடக் குறைவாகவே கிடைப்பதுண்டு.

அறையைப் பார்க்காமல் பணம் கொடுப்பது

ஸ்டேஷன் வாசலிலேயே "ரூம் வேணுமா சார்" என்று ஒருவர் கூடவே நடந்து வருவார். நீங்கள் பெயர் சொன்ன லாட்ஜ் நிரம்பிவிட்டது, மூடிவிட்டார்கள் என்பார். அவருக்குரிய கமிஷனும் உங்கள் வாடகையில்தான் ஏறும். நேராக லாட்ஜுக்கு நடந்து போய், "ரூமைப் பார்த்துட்டு எழுதறேன்" என்று சொல்லுங்கள். நியாயமான இடத்தில் யாரும் மறுக்க மாட்டார்கள். மறுத்தால் அடுத்த லாட்ஜ் பத்தடி தூரத்தில் இருக்கிறது.

உள்ளே போனதும் கட்டிலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். விரிப்பின் மூலையைத் தூக்கி, மெத்தையின் தையல் ஓரத்தில் போன் வெளிச்சத்தை அடித்துப் பாருங்கள். மிளகுத்தூள் தூவியது போல் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் மூட்டைப்பூச்சி இருக்கிறது. கட்டிலின் தலைப்பக்கப் பலகைக்கும் சுவருக்கும் இடையிலும் பாருங்கள். வேறு அறை கேளுங்கள், சாக்குச் சொன்னால் கிளம்பிவிடுங்கள். இதைப் பார்த்து முடிக்கும் வரை பையைக் கட்டில் மேல் வைக்காதீர்கள், ஒன்று ஏறிக்கொண்டால் வீடு வரை வந்துவிடும்.

அப்புறம் கதவுத் தாழ்ப்பாள். உள்பக்கம் சரியாக விழுகிறதா, பாத்ரூம் ஜன்னல் வராந்தாவைப் பார்த்துத் திறக்கிறதா என்று பாருங்கள். குழாயைத் திறந்து விட்டுத் தண்ணீர் இறங்குகிறதா பாருங்கள். வெந்நீர் காலையில் குறிப்பிட்ட நேரம் மட்டும்தான் வரும் லாட்ஜுகள் பல, அந்த நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஏசி அறை என்றால் உங்கள் கண் முன்னால் ஓடவிடச் சொல்லுங்கள். சாலையைப் பார்த்த அறையில் ஹாரன் சத்தம் விடிய விடிய கேட்கும், பின்பக்க அறை கேட்டு வாங்குங்கள். ஆனால் ஜன்னலே இல்லாத அறையாக இருந்தால் வேண்டாம், மே மாதத்தில் அதில் தூங்க முடியாது. மழைக்காலத்தில் தரைத்தளமும் வேண்டாம்.

ஆதாரை அப்படியே கொடுத்துவிடுவது

தங்கும் ஒவ்வொரு பெரியவருக்கும் அடையாள அட்டை கேட்பார்கள். ஒருவருடையது இருந்தால் போதும் என்று நினைத்து மற்றவர்கள் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தால் சிக்கல்தான். ஆதார் நகல் கொடுப்பதென்றால், முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரை ஆதார் ஆணையத்தின் (யுஐடிஏஐ) தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை இருந்தால் இன்னும் நல்லது.

இலங்கையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வரும் நம் உறவினர்கள் இங்கேதான் அதிகம் அலைகிறார்கள். வெளிநாட்டு பாஸ்போர்ட்டில் ஒருவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் லாட்ஜ்காரர் குடிவரவுத் துறைக்கு ஆன்லைனில் தெரிவிக்க வேண்டும். அதற்குப் பதிவு செய்துகொள்ளாத சிறிய லாட்ஜுகள் அறை தர மறுத்துவிடும். நன்றாகத் தமிழ் பேசுகிறார்களே என்று யாரும் விட்டுக்கொடுக்க முடியாது. "வெளிநாட்டு பாஸ்போர்ட்காரங்களுக்கு ஆன்லைன்ல ஃபார்ம் போடுவீங்களா" என்று முன்கூட்டியே போனில் கேட்டால் பதில் உடனே தெரிந்துவிடும்.

திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் பெரும்பாலும் ஆண்களுக்கானவை. குடும்பத்தோடு போய் நிற்க வேண்டாம். தனியாக வரும் பெண்களுக்கு அறை தரத் தயங்கும் லாட்ஜுகளும் இன்னும் இருக்கின்றன. இது மாற வேண்டும். அதுவரை, தனியாக வருவதைப் போனிலேயே சொல்லிக் கேட்டுவிடுவது இரவில் அலைவதைத் தவிர்க்கும். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒய்டபிள்யூசிஏ (இளம் பெண்கள் கிறிஸ்தவ சங்கம்) விருந்தினர் இல்லம் இருக்கிறது, எழும்பூரிலிருந்து தூரமில்லை, அங்கேயும் விசாரிக்கலாம். திருமணமாகாத ஆணும் பெண்ணும் ஒரே அறையில் தங்குவது குற்றமில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. ஆனாலும் தன் விடுதியில் அனுமதியில்லை என்று சொல்லும் உரிமையாளர்கள் உண்டு, அதையும் பதிவுக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

காலி செய்யும்போது

வாடகையோடு அட்வான்ஸ் என்று கொஞ்சம் கூடுதலாக வாங்கியிருப்பார்கள். அதற்கு ரசீது வாங்கியிருந்தால்தான் திரும்பக் கேட்க முடியும். வாங்கியவர் இரவு ஷிப்டில் இருந்தவராகவும் காலையில் இருப்பவர் வேறு ஆளாகவும் இருப்பார். ரயில் கிளம்ப அரை மணி நேரம் இருக்கும்போது கணக்குப் பார்க்காதீர்கள். முந்தின இரவே பில்லைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். தண்ணீர் பாட்டில், கூடுதல் படுக்கை என்று எழுதியிருப்பதைப் படித்துப் பாருங்கள். இரவு ரயில் வரை பெட்டியை ரிசப்ஷனில் வைத்துக்கொள்ளப் பெரும்பாலான லாட்ஜுகள் சம்மதிக்கும். ஸ்டேஷன் கிளோக் ரூமிலும் பூட்டிய பெட்டியாக இருந்தால் வாங்கிக்கொள்வார்கள். டிக்கெட்டை மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். எழும்பூர் நிலையத்தில் மறுசீரமைப்பு வேலை நடப்பதால் சில ரயில்களைத் தாம்பரத்திலிருந்து இயக்கியிருக்கிறார்கள், உங்கள் ரயில் எங்கிருந்து கிளம்புகிறது என்று அன்று காலையிலேயே பார்த்துவிடுங்கள்.