முகர்வையும் மூளையின் வேதிப்பொருள்களையும் இணைத்துப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டோபமைன் என்றால் இன்பம், செரோடோனின் என்றால் மனநிறைவு, நார்அட்ரினலின் என்றால் பதற்றம் என்று ஒவ்வொரு வேதிப்பொருளுக்கும் ஒரு வேலையை ஒதுக்கிவைத்துக்கொண்டு, அதே கணக்கை முகர்வுக்கும் நீட்டுவது பலரும் செய்யும் தவறு. ஒரு வேதிப்பொருளின் பெயரை மட்டும் வைத்து அதன் வேலையைச் சொல்லிவிட முடியாது. அது எந்த இடத்தில், எந்த ஏற்பியின் (வேதிப்பொருளை ஏற்று வினைபுரியும் செல்புரதத்தின்) மீது, எந்த நேரத்தில் செயல்படுகிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

டோபமைனையே எடுத்துக்கொள்வோம். மூக்கின் மேற்புறச் சவ்வில் உள்ள நரம்புச் செல்கள், குளூட்டமேட் என்ற கடத்தியின் வழியாக, மூளையின் அடிப்பகுதியில் உள்ள முகர்வுக் குமிழுக்குச் செய்தியைத் தருகின்றன. அந்த நரம்பு நுனிகளை ஒட்டியே டோபமைன் சுரக்கும் சிறு செல்கள் அமைந்துள்ளன. இங்கே சுரக்கும் டோபமைன், டி2 வகை ஏற்பிகளின் வழியாக, நுனிகளிலிருந்து வெளிவரும் குளூட்டமேட்டின் அளவைக் குறைக்கிறது. அதாவது வாசலிலேயே செய்தியின் வீச்சை அடக்குகிறது. இன்பத்துக்கு இந்த வேலையில் இடமே இல்லை. எலியின் ஒரு நாசித்துளையை நீண்ட நாள் அடைத்துவைத்தால் அந்தப் பக்கக் குமிழில் டோபமைன் உற்பத்தி சரிந்துவிடுகிறது. வரத்து குறையும்போது அடக்க வேண்டிய தேவையும் குறைவதாகவே இதைப் புரிந்துகொள்ளலாம்.

இதை அறியாதவர்கள் பார்கின்சன் நோயில் தடுமாறுகிறார்கள். அந்நோயாளிகளில் பெரும்பாலோருக்கு முகர்வுத் திறன் குறைகிறது. கைநடுக்கம் தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பேகூட இது நேரலாம். நோயோ டோபமைன் செல்கள் அழிவதால் வருவது. ஆகவே டோபமைன் குறைந்ததால்தான் மணம் தெரியவில்லை என்ற முடிவு இயல்பாகத் தோன்றும். ஆனால் டோபமைனை ஈடுசெய்யும் லெவோடோபா மருந்து உடல் அசைவைச் சீராக்குகிறதே தவிர, முகர்வை மீட்டுத் தருவதில்லை. ஆல்ஃபா சைனுக்ளின் என்ற புரதப் படிவுகள் நோயின் தொடக்கத்திலேயே முகர்வுக் குமிழில் காணப்படுகின்றன என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். மணம் தெரியாமல் போனவுடன் பார்கின்சன் வந்துவிட்டதாக அஞ்சுவதும் தவறே. சளி, சைனஸ் அழற்சி, வைரஸ் தொற்று, தலைக்காயம், முதுமை ஆகியவையே மிகப் பொதுவான காரணங்கள்.

செய்தியைச் சுமப்பதையும் செய்தியைச் செப்பனிடுவதையும் குழப்பிக்கொள்வது இன்னொரு தவறு. எந்த மணம் என்பதற்கான அடையாளம், மனிதரிடம் உள்ள ஏறத்தாழ 400 வகை முகர்வு ஏற்பிகளில் எவையெவை தூண்டப்பட்டன என்பதில் இருக்கிறது. இந்த ஏற்பி மரபணுக் குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்சல் என்ற அறிவியலாளர்கள் இருவரும் 1991இல் வெளிப்படுத்தினர். 2004இல் நோபல் பரிசும் பெற்றனர். செய்தியைச் செப்பனிடும் வேதிப்பொருளான அசிட்டைல்கோலைனோ எந்த மணத்தின் பெயரையும் ஏந்தி வருவதில்லை. எலிகளின் குமிழில் அதன் செயலைத் தடுத்தால், மிக நெருங்கிய இரு மணங்களைப் பிரித்தறியும் திறன் மங்குகிறது.

முகர்வுச் செய்தி, மற்றப் புலன்களின் செய்திகளுக்கு இடைநிலையமான தலாமஸைக் கடக்காமலேயே, மூளையின் மேலடுக்கான புறணியை அடைகிறது என்பது உண்மை. அதனால் அது வடிகட்டப்படாமல் போகிறது என்று முடிவுகட்டுவதுதான் பிழை. குமிழில் உள்ள செல்களில் பெரும்பாலானவை அடக்கும் வகையைச் சேர்ந்தவை. மேலும் மூளைத்தண்டில் உள்ள செல்தொகுதிகளான லோகஸ் செருலியஸிலிருந்து நார்அட்ரினலினும், ரஃபே உட்கருக்களிலிருந்து செரோடோனினும், முன்மூளையின் அடிப்பகுதியிலிருந்து அசிட்டைல்கோலைனும் சுமந்த இழைகள் குமிழுக்கே இறங்கி வருகின்றன.

காலத்தை மறப்பதை நான் எல்லாவற்றிலும் பெரிய தவறாகக் கருதுகிறேன். பிறந்து ஏறத்தாழ 10 நாளுக்குள் இருக்கும் எலிக்குட்டிக்கு ஒரு புதிய மணத்தோடு லேசான மின்னதிர்ச்சி கொடுத்தால், அது அந்த மணத்தை வெறுப்பதற்குப் பதிலாக நாடிச் செல்கிறது. அந்த வயதில் லோகஸ் செருலியஸ் மிகையாகவும் நீண்ட நேரமும் நார்அட்ரினலினைச் சொரிவதும், அச்சத்தைக் கற்பிக்கும் அமிக்டலா இன்னும் அக்கற்றலில் பங்கேற்காததும் இதற்குக் காரணங்கள். தாயைப் பற்றிக்கொண்டே பிழைக்க வேண்டிய குட்டிக்கு இது பொருத்தமான ஏற்பாடுதான். சில நாள் கழிந்தால் அதே அதிர்ச்சி அதே மணத்தின் மீது வெறுப்பையே உண்டாக்குகிறது. செம்மறியாடு ஈன்ற சில மணி நேரத்துக்குள் தன் குட்டியின் மணத்தைக் கற்றுக்கொள்வதற்கும் குமிழில் சுரக்கும் நார்அட்ரினலின் தேவைப்படுகிறது.

எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்துவதும் கூடாது. எலிக் குமிழில் வாழ்நாள் முழுதும் புதிய நரம்புச் செல்கள் சேர்கின்றன. வளர்ந்த மனிதரில் அது மிக அரிது.

கடைசியாக, மருந்து எங்கே செலுத்தப்பட்டது என்பதைப் பார்க்காமல் ஆய்வு முடிவை ஏற்றுக்கொள்ளக் கூடாது. ரத்தத்தில் கலந்த மருந்து கவனத்தையும் நினைவையும் மூச்சிழுக்கும் வேகத்தையும் சேர்த்தே மாற்றிவிடும். அப்போது விலங்கு தேர்வில் தோற்றால், மணம் தெரியாமல் தோற்றதா, மணத்தைக் கவனிக்காமல் தோற்றதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. குமிழுக்குள்ளேயே நுண்குழாய் வழியாக மருந்தைச் செலுத்திய ஆய்வுகள் இந்தக் குழப்பத்தைப் பெருமளவு குறைக்கின்றன.