காட்டுப் பச்சைப்பயற்றை முளைக்கவைத்தல்: விதையுறையை எந்தப் பக்கம் வெட்டுவது?

நாம் சமைக்கும் பச்சைப்பயற்றின் மூதாதை இன்னும் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துப் புதர்களிலும் புல்வெளிகளிலும் தானாக வளர்கிறது. மழையில் முளைத்து, மற்றச் செடிகளைச் சுற்றிப் படர்ந்து, மஞ்சளாகப் பூத்துக் காய்த்து, அந்தப் பருவத்தோடு மடிந்துவிடும் ஒருபருவத் தாவரம் இது. தாவரவியலார் இதனை விக்னா ரேடியேட்டா என்னும் பச்சைப்பயற்று இனத்தின் சப்லோபேட்டா வகை என்பர். இதன் விதையை வீட்டுத் தொட்டியில் முளைக்கவைக்க எனக்கு இரண்டு பருவங்கள் வீணாயின. மூன்றாம் முறை பலித்த வழியை இங்கே எழுதுகிறேன்.

சேகரித்தல்

நெற்று கறுத்த பிறகே பறிக்க வேண்டும். ஆனால் கறுத்த நெற்று வெயிலேறியதும் வெடித்து, இரு தோல்களும் திருகிச் சுருண்டு, விதைகளைச் சிதறிவிடும். நெற்றின் சுவரிலுள்ள நார்கள் காயும்போது ஒரே சீராகச் சுருங்காததால் வரும் முறுக்கு இது. பனி ஈரம் உலராத காலையில் பறித்தால் கையோடு வரும். பறித்ததைத் திறந்த தட்டில் வைக்காமல் துணிப்பையில் இட்டுக் காயவையுங்கள். செடியில் பாதிக்கு மேல் எடுக்க வேண்டாம்.

காட்டு உளுந்தும் அதே புதரில் இருக்கக்கூடும். கைலென்ஸில் விதைத்தழும்பை, அதாவது விதை காயோடு ஒட்டியிருந்த இடத்து வடுவைப் பாருங்கள்: பயற்றில் அது விதையின் மேற்பரப்போடு தட்டையாக இருக்கும், உளுந்தில் விளிம்பு எழும்பி நடுவில் குழிந்திருக்கும். பத்து மடங்கு பெருக்கும் சாதாரணக் கைலென்ஸ் போதும். கைப்பேசிக் கேமராவை நம்பி நான் இருமுறை ஏமாந்தேன்.

நீர் ஏன் உள்ளே போவதில்லை

கடைப் பயற்றை இரவில் ஊறப்போட்டால் காலையில் உப்பியிருக்கும். அதே பழக்கத்தில் காட்டு விதைகளில் இருபதை ஊறப்போட்டேன். மறுநாள் மூன்றுதான் உப்பின, மற்றவை ஒரு வாரமாகியும் கூழாங்கல் போலக் கிடந்தன. அந்த மூன்றும் முளைக்கும் என்று மகிழ்ந்தேன். உடைத்துப் பார்த்தபோது மூன்றிலும் வண்டு துளைத்த ஓட்டை இருந்தது. நீர் அந்த ஓட்டை வழியாகத்தான் புகுந்திருக்கிறது.

விதையுறையின் வெளிப்பக்கத்தில், வேலிக்கம்புகளை நெருக்கி நட்டதுபோல நீண்ட செல்கள் ஓரடுக்காக நிற்கின்றன; முற்றிக் காய்ந்தபின் இவ்வடுக்கு நீரை விடாது. விதைத்தழும்போ ஒரு வால்வு போல வேலைசெய்கிறது. ஹைட் என்னும் ஆய்வாளர் 1954-இல் லூபின், குளோவர் போன்ற பயற்றினச் செடிகளில் காட்டியபடி, வெளிக்காற்று உலர்ந்திருக்கும்போது தழும்பின் பிளவு திறந்து உள்ளீரத்தை வெளியேற்றும். ஈரக்காற்று பட்டால் மூடிக்கொள்ளும். ஆகவே விதை நாளுக்கு நாள் மேலும் உலருமே தவிர, வெளி ஈரத்தை எளிதில் ஏற்காது. எல்லா விதைகளும் ஒரே மழையில் முளைத்து, அடுத்து வரும் வறட்சியில் மொத்தமாக அழியாமலிருக்க இவ்வுறக்கம் காட்டுச் செடிக்குத் தேவை. பயிராக்கிய மனிதர் விதைத்ததும் முளைத்தவற்றையே ஆண்டாண்டாக அறுத்து மறுபடி விதைத்ததால், வயற்பயறு இக்குணத்தைப் பெரும்பாலும் இழந்தது.

உறையை வெட்டுதல்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். முதலில் கொதிநீரில் போட்டேன். சில வெந்துபோயின, சில அப்போதும் கல்லாகவே இருந்தன. பிறகு நகவெட்டியால் உறையை வெட்டினேன். எல்லாம் அழகாக உப்பின, ஆனால் பாதிக்கு மேல் அழுகின. காரணம் புரிய ஒரு விதையை ஊறவைத்துப் பிளந்து பார்க்க வேண்டியிருந்தது: முளைவேர் தழும்பை ஒட்டிய விளிம்பில் படுத்திருக்கிறது, அதன் நுனி தழும்பின் ஒரு முனையிலுள்ள சிறு துளையை நோக்கியிருக்கிறது. பிடிக்க வசதி என்று நான் அந்தப் பக்கத்தையே வெட்டி, வேரின் நுனியை நறுக்கியிருக்கிறேன்.

தழும்பு உங்கள் விரலை நோக்கியிருக்குமாறு விதையைப் பிடித்து, அதற்கு நேர் எதிரான முதுகுப்புற விளிம்பை மட்டும் வெட்டுங்கள். அங்கே இருப்பவை விதையிலைகள். அவற்றில் இம்மியளவு வெட்டுப்பட்டாலும் செடி பிழைத்துக்கொள்ளும். கருத்த உறையில் வெளிறிய புள்ளி தெரிந்தால் போதும். விதைகள் நூற்றுக்கணக்கில் இருந்தால் இரண்டு உப்புத்தாள்களுக்கிடையில் மெதுவாகத் தேய்க்கலாம். சிறிய அளவுக்கு நகவெட்டியையே நான் பரிந்துரைப்பேன். கந்தக அமிலத்தைப் பலர் எழுதுகிறார்கள். வீட்டில் அது வேண்டாம்.

முளைக்கவிடுதல்

நான்கு முதல் ஆறு மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, ஈரமான பழைய வேட்டித் துணியில் சுற்றுங்கள். பஞ்சில் முளைவேர் சிக்கிக்கொள்கிறது. இரண்டு நாளில் முளை தெரியும். உடனே ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்தில் நடலாம். விதையிலைகள் மண்ணுக்கு மேலே வரும் வகை இது, ஆழமாகப் புதைத்தால் அவை மேலேறச் சிரமப்படும்.

பின்னர்ச் சேர்த்தவை

வாசகர் ஒருவர் எல்லா விதைகளையும் வெட்டி டப்பாவில் வைத்திருந்ததாகவும், அடுத்த மாதம் ஒன்றுகூட முளைக்கவில்லை என்றும் எழுதினார். வெட்டிய விதையில் காற்றின் ஈரமும் பூஞ்சையும் நேரே புகும். விதைக்கும் நாளன்றே வெட்டுங்கள்.

காட்டு விதையை வண்டு தொடாதா என்றும் சிலர் கேட்டனர். மடகாஸ்கரில் சேகரித்த டிசி 1966 என்னும் சப்லோபேட்டா விதை பயறு வண்டை முழுமையாக எதிர்க்கும் என்பது 1980-களில் தெரியவந்தது. பயிர் மேம்பாட்டாளர்கள் அதன் மரபணுவை வயற்பயற்றுக்குக் கொண்டுவரப் பயன்படுத்தினர். எனவே அது சில செடிகளின் தனிக்குணம், எல்லாவற்றுக்கும் பொதுவன்று. நான் சேகரித்தவை அந்தக் கொடை பெறாதவை. விதைமேல் வெள்ளைப் புள்ளிபோல ஒட்டியிருப்பவை வண்டின் முட்டைகள். நன்கு உலர்ந்த விதையைக் காற்றுப்புகாத பையில் ஒரு வாரம் உறைபெட்டியில் வைத்த பிறகே நான் இப்போது சேமிக்கிறேன்.

தொட்டிச் செடியிலிருந்து மறுவிதை வேண்டுமானால், முதற் காய் நிறம் மாறும்போதே கொத்தின்மேல் மல் துணிப் பையைக் கட்டிவிடுங்கள். மாலையில் கட்டலாம் என்று நான் ஒருநாள் தள்ளிப்போட்டபோது, பாதி விதை மாடித் தரையெங்கும் சிதறிக் கிடந்தது.