அடைக்கோழிக்கு முட்டை வைப்பது எப்படி?

குஞ்சு பொரிக்கும் இயந்திரமான இன்குபேட்டர் வாங்க வேண்டாம். அடைக்கு வந்த, அதாவது முட்டை மேல் படுத்துக் குஞ்சு பொரிக்கத் தயாரான நாட்டுக்கோழியும் பழைய மூங்கில் கூடையும் போதும். 21 நாளில் குஞ்சு பொரிந்துவிடும்.

1. கோழி நிஜமாகவே அடைக்கு வந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். முட்டையிடும் இடத்தை விட்டு எழாது, கையை நீட்டினால் சிலிர்த்துக்கொண்டு கொத்த வரும், நடக்கும்போது கிளக் கிளக் என்று கத்தும். இரண்டு இரவு தொடர்ந்து அங்கேயே படுத்தால் நம்பலாம்.

2. அடுத்தது முட்டை. பெரும்பாலும் தப்பு நடப்பது இதில்தான். கடையில் வாங்கும் பண்ணை முட்டை பொரியாது, அது சேவல் சேராமல் இட்ட முட்டை. சேவலோடு திரியும் கோழியின் முட்டையாக, இட்டு ஒரு வாரத்துக்கு மேல் ஆகாததாகப் பார்த்து எடுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தது வேண்டாம். அழுக்காக இருக்கிறதே என்று கழுவவும் கூடாது. ஓட்டின் மேலுள்ள மெல்லிய பூச்சு போய்விட்டால் கிருமி சுலபமாக உள்ளே நுழையும். கீறல் விட்டது, கோணலானது, ரொம்பச் சின்னது எல்லாம் ஆம்லெட்டுக்குப் போகட்டும். சின்னக் கோழிக்கு 8, பெரிய கோழிக்கு 12, அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். இறக்கைக்குள் அடங்காத முட்டைக்குச் சூடு கிடைக்காது. ஒவ்வொன்றிலும் பென்சிலால் கோடு போட்டுவிடுங்கள். வேறு கோழி வந்து இட்டுப்போனால் கோடில்லாததை அன்றே எடுத்துவிடலாம்.

3. கூடையில் மணல், மேலே வைக்கோல், பேன் வராமலிருக்கக் கொஞ்சம் வேப்பிலை. இடி இடித்தால் முட்டை கெட்டுவிடும் என்று பாட்டிகள் கரித்துண்டும் இரும்பாணியும் போடச் சொல்வார்கள். எனக்கு நம்பிக்கையில்லை. ஆனாலும் போட்டுவிடுங்கள், வீட்டில் சண்டை மிச்சம்.

4. இருட்டிய பிறகு, எல்லா முட்டையையும் ஒரே நாளில் வையுங்கள். முன்னும் பின்னுமாக வைத்தால், முதலில் பொரிந்த குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு தாய் கிளம்பிவிடும், மிச்சம் வீணாகும்.

5. தினமும் ஒருமுறை கோழி இரைக்கு இறங்கும், கால் மணி நேரத்தில் திரும்பிவிடும். தானாக இறங்காவிட்டால் மெதுவாகத் தூக்கி விடுங்கள். முட்டையைப் புரட்டுவது அதன் வேலை.

6. ஏழாம் நாள் இரவு செல்போன் டார்ச்சில் முட்டையை வைத்துப் பாருங்கள். சிலந்தி வலை போல ரத்த நரம்பு தெரிந்தால் கரு வளர்கிறது. வெறுமையாகத் தெரிவதை எடுத்துவிடுங்கள், விட்டால் கூமுட்டையாகி வெடித்து நாறும். 18ஆம் நாளுக்குப் பிறகு தொடவே கூடாது.

7. பொரிந்த குஞ்சுக்கு முதல் நாள் இரை கட்டாயமில்லை, வயிற்றில் மஞ்சள் கரு மிச்சம் இருக்கும். அப்புறம் குருணை, கூழாங்கல் போட்ட தட்டில் தண்ணீர். காக்கை, பருந்துக்குப் பயந்து சில வாரம் பஞ்சாரத்தால், அதாவது பெரிய மூங்கில் கூடையால் மூடி வையுங்கள். பொரிந்த ஏழாம் நாள், வெள்ளைக்கழிச்சல் நோய் வராமலிருக்கக் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து விட வேண்டும். திறந்த குப்பியைச் சில மணி நேரத்தில் தீர்த்தாக வேண்டும் என்பதால், கால்நடை மருந்தகத்தில் நாள் கேட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக் குஞ்சுகளையும் சேர்த்துக் கொண்டுபோங்கள்.