கைச்சாயக் கம்பளி நூல் தொழில்: ஆட்டை வதைக்காத கம்பளியைத் தேடி வாங்கும் முறை

கைச்சாய நூல் தொழிலில் இறங்குபவர்களில் பெரும்பாலோர் ஆடு வளர்ப்பதுமில்லை, நூல் நூற்பதுமில்லை. சாயம் ஏறாத வெள்ளைச் சிட்டங்களை (நூல் கற்றைகளை) வாங்கிச் சாயமிட்டு விற்கிறோம். ஆகவே, ஆட்டுக்கு என்ன நேர்ந்தது என்பதை வியாபாரி, நூற்பாலை, ஏலக்கூடம் என்று மூன்று நான்கு கைகளைத் தாண்டித்தான் கேட்டறிய வேண்டியிருக்கிறது.

படி 1: நாட்டைக் கேளுங்கள்

விலையைக் கேட்பதற்கு முன் ஆட்டினத்தையும் நாட்டையும் கேளுங்கள். நுண்கம்பளி தரும் ஆட்டினமான 'மெரினோ' என்ற ஒற்றைச் சொல் போதாது. ஆடைக்கான நுண்கம்பளியில் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிறது, அங்கேதான் 'மியூல்சிங்' என்ற வழக்கம் இருக்கிறது. மெரினோ ஆட்டின் பின்புறத் தோல் மடிப்புகளில் சிறுநீரும் கழிச்சலும் படிந்து ஈரம் தங்கினால், ஈக்கள் அங்கே முட்டையிட்டு, புழுக்கள் ஆட்டை உயிரோடு அரிக்கும். அதைத் தடுக்க, குட்டிப் பருவத்திலேயே வாலைச் சுற்றிய தோலைக் கத்தரியால் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். ஆறிய தழும்பில் மயிர் முளைக்காது, ஈயும் அண்டாது. ஆட்டைக் காக்கத்தான் இதைச் செய்கிறோம் என்று வளர்ப்பவர்கள் சொல்வது பொய்யல்ல. ஆனால் மடிப்புக் குறைந்த ஆடுகளாகத் தேர்ந்து பெருக்கினால் கத்தரிக்கே வேலையில்லை என்பதைப் பல பண்ணைகள் நடத்திக் காட்டியிருக்கின்றன. நியூசிலாந்தில் 2018 அக்டோபர் 1 முதல் மியூல்சிங் சட்டப்படி குற்றம்.

படி 2: பேலின் குறியைக் கேளுங்கள்

ஆஸ்திரேலியாவில் பேல் (கம்பளிப் பொதி) விற்பனைக்கு வரும்போது, வளர்ப்பவர் தேசியக் கம்பளி அறிவிப்புப் படிவத்தில் தம் ஆடுகளின் நிலையைக் குறிக்கலாம், கட்டாயமில்லை. 'என்.எம்.' என்றால் மியூல்சிங் செய்யாதவை, 'சி.எம்.' என்றால் அவ்வழக்கத்தை நிறுத்திவிட்ட பண்ணை, 'ஏ.ஏ.' என்றால் வலிமருந்து கொடுத்துச் செய்தவை, 'எம்.' என்றால் செய்தவை, 'என்.டி.' என்றால் எதையும் அறிவிக்காதவை. 'சி.எம்.' பண்ணையில் மூத்த ஆடுகள் முன்பே வெட்டுப்பட்டவையாக இருக்கக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள். வியாபாரி மழுப்பினால், 'என்.டி.' என்றே கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 3: சரக்குக்குரிய சான்றைக் கேளுங்கள்

புதியவர்கள் ஏமாறும் இடம் இதுதான். டெக்ஸ்டைல் எக்ஸ்சேஞ்ச் அமைப்பு 2016இல் கொண்டுவந்த 'ரெஸ்பான்சிபிள் வுல் ஸ்டாண்டர்டு' என்ற கம்பளித் தரச்சான்று மியூல்சிங்கை ஏற்பதில்லை. மேய்ச்சல் நிலப் பராமரிப்பையும் சேர்த்தே பார்க்கிறது. இதில் சான்றுகள் இரண்டு வகை: ஆலைக்குத் தகுதி உண்டு என்பது ஒன்று, இந்தக் குறிப்பிட்ட சரக்கு அத்தகைய கம்பளிதான் என்பது மற்றொன்று. ஆலைச் சான்றை மட்டும் வைத்திருப்பவர் சாதாரணக் கம்பளியையும் தாராளமாக விற்கலாம். எனக்கு முதன்முதலில் நூல் தந்த வியாபாரி பளபளப்பான சான்று ஒன்றை அனுப்பினார். பெரிதாக்கிப் பார்த்தபோது அதிலிருந்த ஆலையின் பெயர் வேறு, காலாவதியாகிப் பதினொரு மாதமும் ஆகியிருந்தது. அந்த ஐந்து கிலோவை நான் சாதாரண மெரினோ என்றே சொல்லி விற்றேன். பெயர், தேதி, எடை ஆகிய மூன்றையும் உங்கள் பில்லோடு ஒப்பிடுங்கள்.

படி 4: சூப்பர்வாஷ் வேண்டுமா?

இயந்திரத்தில் துவைக்கும்படி, நாரின் செதில்களைக் குளோரினால் அரித்து மேலே பிசின் பூசுவதுதான் வழக்கமான சூப்பர்வாஷ் முறை. சாயம் சட்டென்று, அடர்த்தியாகப் பிடிக்கும். ஆனால் ஆலையின் கழிவுநீரில் குளோரின் கலந்த கரிமச் சேர்மங்கள் சேரும். குழந்தை உடைக்கு சூப்பர்வாஷைத் தவிர்ப்பது கடினம். சால்வைக்குத் தேவையே இல்லை என்பது என் கருத்து.

படி 5: ஒரு சிட்டத்தில் சோதியுங்கள்

மொத்தமாக வாங்குமுன் 100 கிராம் சிட்டம் ஒன்றை வரவழையுங்கள். நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டி, அரை மணி நேரம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, அமிலச் சாயத்தோடு சிட்ரிக் அமிலமும் சேர்த்து மெல்லச் சூடேற்றுங்கள், கொதிக்கவிடாதீர்கள். நீர் தெளிந்ததும் அடுப்பை அணைத்து, பாத்திரத்திலேயே ஆறவிடுங்கள். சூப்பர்வாஷ் செய்யாத நூலைச் சூட்டிலிருந்து தண்ணீர்க் குழாயடிக்குக் கொண்டுபோய்ப் பிழிந்தால், இழைகள் ஒன்றோடொன்று சிக்கி, சிட்டம் கெட்டியாகத் திரண்டுவிடும்.

படி 6: தெரிந்ததை மட்டும் லேபிளில் எழுதுங்கள்

சாயமிடுதலும் ஒரு பதப்படுத்தும் வேலையாதலால், உங்கள் பட்டறைக்கே சான்று இல்லாமல் ரெஸ்பான்சிபிள் வுல் ஸ்டாண்டர்டின் சின்னத்தை அச்சிடக்கூடாது. இனம், நாடு, ஆலை, சூப்பர்வாஷா இல்லையா என்பவற்றை எழுதினால் போதும்; சான்றின் நகலைச் சரக்கு எண்ணோடு கோப்பில் வைத்திருந்தால், கேட்கும் வாடிக்கையாளருக்குக் காட்டலாம்.