பயாப்சி முடிவு வரும் வரை: காத்திருக்கும் நாட்களைக் கடப்பது எப்படி?

“சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், ஒரு வாரத்தில் ரிப்போர்ட் வந்துவிடும்” என்பது மருத்துவருக்கு அன்றாடம் பலமுறை சொல்லும் வாக்கியம். கேட்பவருக்கோ அன்றிரவே உறக்கம் போய்விடுகிறது. மார்பிலோ கழுத்திலோ தென்பட்ட கட்டிக்காகப் பயாப்சி செய்துகொண்டு காத்திருப்பவர்களையும் அவர்களுடைய வீட்டாரையும் மனத்தில் வைத்து இக்குறிப்புகளை எழுதுகிறேன்; இரத்தப் பரிசோதனைக்கும் ஸ்கேனுக்கும் காத்திருப்பவர்களுக்கும் இவற்றில் பெரும்பகுதி பொருந்தும். அச்சத்தை அறவே போக்கும் வழி எதுவும் இதில் இல்லை. ரிப்போர்ட் யார் கைக்கு, எப்போது, எவ்விதம் வந்து சேர வேண்டும் என்பதை முன்கூட்டியே ஒழுங்கு செய்துகொள்வதுதான் இந்த நாட்களில் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியம் என்பது என் கருத்து. மூச்சுப் பயிற்சி முதலான மற்றவை அதற்கு அடுத்தபடியாகவே வரும்.

இன்னதென்று தெரியாத நிலை, கெட்டது என்று தெரிந்துவிட்ட நிலையைவிட உடலை அதிகம் வருத்துகிறது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கணினித் திரையில் தெரியும் பாறைகளுக்கு அடியில் பாம்பு இருக்குமா, இருக்காதா என்று பங்கேற்றவர்கள் ஊகிக்க வேண்டியிருந்தது. பாம்பு வந்தால் கையில் வலிக்கும்படி ஒரு மின் அதிர்ச்சி. அதிர்ச்சி உறுதி என்று தெரிந்தவேளையைவிட, வரலாம் வராமலும் போகலாம் என்று வாய்ப்பு சரிபாதியாக இருந்தவேளையில்தான் அவர்களுடைய பதற்றம் உச்சத்தில் இருந்தது. ஆகவே நெஞ்சு படபடப்பதும், வயிற்றைக் கலக்குவதும், சோறு இறங்காததும் மனத்திடம் இல்லாததன் அடையாளங்கள் அல்ல. அவை வரப்போகும் முடிவின் முன்னறிவிப்பும் அல்ல. “எனக்கு உள்ளுக்குள் ஏதோ படுகிறது” என்று உறுதியாகச் சொன்னவர்கள் எத்தனையோ பேர் நல்ல ரிப்போர்ட்டுடன் வீடு திரும்புகிறார்கள். ஒருவர் எவ்வளவு அஞ்சுகிறார் என்பதைக் கட்டியில் உள்ள செல்கள் அறியமாட்டா.

ஆய்வகத்தில் அந்த நாட்கள் எப்படிக் கழிகின்றன

தாமதத்துக்கு நாம் கற்பிக்கும் காரணங்கள் பெரும்பாலும் தவறானவை என்பதால், உண்மையில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. எடுத்த சதைத்துண்டு முதலில், திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் என்ற திரவத்தில் ஊற வேண்டும். மார்பகத் திசுவுக்கு இது 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்தைத் தாண்டாமலும் இருக்க வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. பிறகு அதிலுள்ள நீரை ஆல்கஹாலால் நீக்கி, உருகிய பாரஃபின் மெழுகை உள்ளே ஊடுருவச் செய்வார்கள். இவ்வேலையை இயந்திரம் பெரும்பாலும் இரவு முழுவதும் செய்துகொண்டிருக்கும். மெழுகோடு இறுகிய துண்டை, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 3 முதல் 5 பங்கு கனமுள்ள சீவல்களாக அரிந்து, கண்ணாடித் தகட்டில் ஏற்றிச் சாயமிட்ட பின்னரே நோயியல் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்க்கிறார். ஐயம் எழுந்தால் மேலும் சில சீவல்களை அரியச் சொல்வார். சிறப்புச் சாயப் பரிசோதனைக்கு அனுப்புவார். சக மருத்துவரிடம் காட்டிக் கருத்துக் கேட்பார். ஒவ்வொன்றுக்கும் நாட்கள் கூடும். நடுவில் பொங்கலோ தீபாவளியோ வந்துவிட்டால் அதுவும் சேர்ந்துகொள்ளும். சாதாரணக் கட்டி என்பதை ஐயமற உறுதிசெய்யவும் இதே கூடுதல் வேலைகள் தேவைப்படுவதால், தாமதத்தை வைத்து முடிவை எந்தப் பக்கமாகவும் கணிக்க இயலாது. ஊசியால் செல்களை உறிஞ்சி எடுக்கும் எஃப்என்ஏசி பரிசோதனையில் இத்தனை படிகள் இல்லை. அதன் முடிவு பொதுவாக ஓரிரு நாட்களில் கிடைத்துவிடும். காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனையோ 6 வாரம் வரை நீளக்கூடும்.

எனவே மருத்துவமனையை விட்டுக் கிளம்புமுன்னரே சிலவற்றைக் கேட்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். செய்யப்பட்ட பரிசோதனையின் பெயர் என்ன, வழக்கமாக எத்தனை நாள் ஆகும், எந்தத் தேதிக்குப் பிறகும் வராவிட்டால் யாருக்குத் தொலைபேசியில் பேச வேண்டும், திசு போதவில்லை என்றோ தெளிவாகச் சொல்ல முடியவில்லை என்றோ வந்தால் அடுத்து என்ன செய்வார்கள் என்பவை அக்கேள்விகள். கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. தைராய்டு கட்டியில் ஊசி போட்டு எடுத்த செல்கள் போதாமல் மறுபடியும் எடுக்க நேர்வது புதிதல்ல. அதை முன்பே அறியாதவர்கள் “மறுபடி வரச் சொல்கிறார்கள்” என்ற ஒரு சொல்லிலேயே இடிந்துபோகிறார்கள். ரிப்போர்ட் வர வேண்டிய கடைசித் தேதியை நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, அதற்கு முன் ஆய்வகத்துக்குப் பேசுவதில்லை என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

கையில் ஏற்கெனவே இருக்கும் ஸ்கேன் ரிப்போர்ட்டும் உறக்கத்தைக் கெடுக்கக்கூடியது. மார்பக ஸ்கேனில் காணப்படும் பைராட்ஸ் எண்ணை, அதாவது புற்றுநோய் என்ற ஐயம் எவ்வளவு என்பதைக் குறிக்கும் எண்ணை, எடுத்துக்கொள்வோம். 3 என்றால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை. 5 என்றால் 95 சதவீதமோ அதற்கு மேலோ. பயாப்சிக்கு அனுப்பப்படுவோர் பலருக்கு வரும் 4 என்ற எண்ணோ, 2 சதவீதத்துக்கு மேல் தொடங்கி 95 சதவீதம் வரைக்கும் பரந்து கிடக்கிறது. அதனால்தான் அதை 4ஏ, 4பி, 4சி என்று மேலும் பிரிக்கிறார்கள். நான்கைப் பார்த்துவிட்டு ஐந்துக்கு ஒரு படி முன்னால் நிற்பதாக எண்ணிக்கொள்வது பிழை. தைராய்டு முடிச்சுகளைப் பொறுத்தவரை அவற்றில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டவை புற்றுநோய் அல்லாதவை.

ரிப்போர்ட்டைத் திறக்கப்போவது யார்?

இப்போதெல்லாம் பல ஆய்வகங்கள் ரிப்போர்ட்டை பிடிஎஃப் கோப்பாக வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகின்றன. அது இரவு பத்து மணிக்கும் வரும், சனிக்கிழமை மாலையிலும் வரும். மருத்துவர் பார்ப்பதற்கு முன்பே நம் கைக்கு வந்துவிடும். விளக்கம் சொல்ல ஒருவரும் இல்லாத அந்த நேரத்தில் கோப்பைத் தனியாகத் திறப்பதுதான் இந்தக் காத்திருப்பில் நமக்கு நாமே இழைத்துக்கொள்ளும் பெரிய தீங்கு. இதைத் தவிர்ப்பது எளிது. மருத்துவரைப் பார்க்கும் நேரத்தை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஆய்வகத்தில் உங்கள் எண்ணுக்குப் பதிலாக, பதறாமல் இருக்கக்கூடிய உடன்பிறந்தவர் அல்லது நண்பரின் எண்ணைக் கொடுங்கள். கோப்பு வந்த செய்தியை உங்களிடம் சொல்வதா, மருத்துவரிடம் போகும்வரை சொல்லாமல் இருப்பதா என்பதையும் அவருடன் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கூடவே எடுத்த இரத்தப் பரிசோதனைகளில் தடித்த எழுத்தில் அச்சான எண்களைக் கண்டு மிரள்பவர்களுக்கு ஒரு கணக்கு. இயல்பளவு என்பது பொதுவாக ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதத்தினரின் அளவுகளை உள்ளடக்குமாறு வகுக்கப்படுகிறது. அதாவது நோயே இல்லாதவர்களிலும் நூற்றுக்கு ஐவர் அதற்கு வெளியே நிற்பார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகளை ஒருவருக்குச் செய்தால், குறைந்தது ஒன்றாவது எல்லைக்கு வெளியே விழும் வாய்ப்பு ஏறத்தாழ 64 சதவீதம்.

நம் வீடுகளுக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. மகன் போய் ரிப்போர்ட்டை வாங்கி, “அம்மாவிடம் எதுவும் சொல்லாதீர்கள்” என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்வான். வீட்டில் எழும் குசுகுசுப்பைக் கேட்டு அம்மா உண்மையைவிட மோசமான ஒன்றைக் கற்பனை செய்துகொண்டு படுத்திருப்பார். பாசத்தினால் செய்வதுதான் என்றாலும், அதை நான் ஏற்கமாட்டேன். முடிவு எதுவும் தெரியாத இந்த நாட்களிலேயே, “ரிப்போர்ட் வந்ததும் எல்லாவற்றையும் உங்களிடம் நேரே சொல்லட்டுமா அம்மா, அல்லது எங்களிடம் சொன்னால் போதுமா?” என்று அவரிடமே கேட்டுவிடலாம். அவர் எந்தப் பதிலைச் சொன்னாலும் அது அவருடைய தீர்மானமாக இருக்கும்.

இடைப்பட்ட நாட்களில்

கட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதை நிறுத்துங்கள். அடிக்கடி அமுக்கப்படும் இடம் வலிக்கத் தொடங்கும்; அந்த வலியே புதிய அறிகுறியாகத் தோன்றி மறுபடி தொடச் சொல்லும். இணையத் தேடலும் இப்படிப்பட்டதே. 2008-இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் இருவர் பார்த்தபோது, தலைவலி பற்றித் தேடிக் கிடைத்த பக்கங்களில், காபியை நிறுத்துவதால் வரும் தலைவலிக்கு இணையாக மூளைக் கட்டியும் பேசப்பட்டது. நடைமுறையில் முன்னது மிகச் சாதாரணம், பின்னது மிக அரிது. தேடாமல் இருக்கவே முடியாது என்பவர்கள், தோன்றும் கேள்விகளை மருத்துவரிடம் கேட்பதற்கான தாளில் எழுதி வைக்கட்டும்.

கவலைப்படாதே என்று மனத்துக்குக் கட்டளையிட்டுப் பயனில்லை. நேரம் ஒதுக்கிக் கவலைப்படலாம். உளவியலாளர் தாமஸ் போர்கோவெக் தம் குழுவினருடன் 1983-இல் வெளியிட்ட முறை இது: தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அரை மணி நேரம் கவலைக்கென்றே உட்கார வேண்டும், மற்ற வேளைகளில் அது தலைதூக்கினால் “மாலை ஐந்து மணிக்குப் பார்ப்போம்” என்று தள்ளிவைக்க வேண்டும். படுக்கும் நேரத்துக்கு அருகில் மட்டும் இதை வைத்துக்கொள்ளக் கூடாது.

மீதி நேரத்தை எதைக்கொண்டு நிரப்புவது என்பதற்கு, காத்திருப்பையே ஆய்வுப் பொருளாகக் கொண்ட உளவியலாளர் கேட் ஸ்வீனியின் ஆய்வுகள் உதவும். கலிபோர்னியாவில் வழக்கறிஞர் தேர்வு எழுதிவிட்டு ஏறத்தாழ நான்கு மாதம் முடிவுக்குக் காத்திருந்த சட்டப் பட்டதாரிகளை அவர் குழு பின்தொடர்ந்தது. பதற்றம் தொடக்கத்திலும் இறுதியிலும் மிகுந்து நடுவில் தணிந்திருந்தது. தம்மை மறந்து ஏதேனும் ஒரு வேலையில் ஆழ்ந்தவர்கள் அக்காலத்தை ஓரளவு எளிதாகக் கடந்தார்கள். கையையும் கவனத்தையும் ஒருசேரக் கேட்கும் வேலையாக அது இருக்க வேண்டும்: சிக்குக்கோலம், தையல், சதுரங்கம், நெடுநாளாகத் தள்ளிப்போட்ட கணக்குவழக்கு. தொலைக்காட்சித் தொடர் இதற்குப் போதாது. கண் திரையில் இருக்க மனம் ரிப்போர்ட்டில் இருக்கும்.

காபியில் உள்ள கஃபீனில் பாதி உடலை விட்டு நீங்கவே சுமார் 5 மணி நேரம் ஆவதால், மதியத்துக்கு மேல் அதைத் தவிர்ப்பது உறக்கத்துக்கு நல்லது. படபடப்பு எழும்போது 4 வினாடி மூச்சை இழுத்து 6 வினாடி மெல்ல விடுவதைச் சில நிமிடங்கள் செய்யலாம். வீட்டில் வேறொருவருக்கு எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரையை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

செய்தியை எல்லோரிடமும் சொல்லிவைத்தால் தினமும் எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டிவரும். இரண்டு மூன்று பேர் போதும். அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: “ஒன்றும் இருக்காது” என்று அடித்துச் சொல்லாதீர்கள், அது உங்களுக்கும் தெரியாது. “அன்றைக்கு நானும் கூட வருகிறேன்” என்று சொன்னால் போதும். பதற்றம் தாங்க முடியாமல் போனால், அல்லது உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் உடனே, இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல உதவி எண் 1926.

சிலவற்றுக்கு ரிப்போர்ட் வரும்வரை காத்திருக்கக் கூடாது. ஊசி போட்ட இடத்தில் இரத்தம் நிற்காவிட்டால், வீக்கம் பெருகினால், சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நெஞ்சுவலியையும் மூச்சுத்திணறலையும் பதற்றம்தான் என்று நீங்களே தீர்மானித்துக்கொள்ள வேண்டாம்.

முடிவு சொல்லப்படும் நாளில்

எழுதி வைத்த கேள்வித்தாளையும், கேட்பதைக் குறித்துக்கொள்ள ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அதிர்ச்சியில் இருப்பவருக்குச் சொன்னதில் பாதி பதியாது. சாதாரணக் கட்டி என்று வந்தால், ஸ்கேனில் கண்டதும் பயாப்சியில் கண்டதும் ஒத்துப்போகின்றனவா, மறுபடி எப்போது ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று கேளுங்கள். சிகிச்சை தேவை என்று வந்தால், ரிப்போர்ட்டின் நகலோடு நில்லாமல், கண்ணாடித் தகடுகளையும் சதைத்துண்டு பதிந்த மெழுகுக் கட்டியையும் ஆய்வகத்திலிருந்து எப்படிப் பெறுவது என்று விசாரித்துக்கொள்ளுங்கள். வேறொரு மருத்துவமனையில் இரண்டாவது கருத்துக் கேட்கப் போனால் அவர்கள் அவற்றைத்தான் முதலில் கேட்பார்கள்.