ஒருவர் தேர்ந்தெடுத்ததை ஆங்கிலத்தில் எழுதும்போது

அலுவலக மின்னஞ்சலிலோ விண்ணப்பக் கடிதத்திலோ இன்னொருவரின் விருப்பத்தை ஆங்கிலத்தில் குறிப்பிடும்போது, இலக்கணப் பிழையைவிடப் பெரிய தொல்லை தருவது பொருள் மயக்கம். பிழையுள்ள வாக்கியத்தைப் படிப்பவர் மனத்துக்குள் திருத்திப் புரிந்துகொள்வார். இருபொருள் தரும் வாக்கியத்தை அவர் தவறான பொருளில் எடுத்துக்கொண்டு, ஐயம் எதுவும் இல்லாமல் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். எனவே எழுதத் தொடங்கும் முன்பே, தேர்ந்தெடுத்தவர் யார், தேர்ந்தெடுக்கப்பட்டது எது, அது உறுதியான முடிவா அல்லது வெறும் விருப்பமா என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும்.

இதில் அதிகம் ஏமாற்றுவது 'ஆஃப்' என்ற சிறு சொல். 'தி சாய்ஸ் ஆஃப் தி மேனேஜர் சர்ப்ரைஸ்ட் அஸ்' என்று ஒருவர் எழுதினால், மேலாளர் எதையோ தேர்ந்தெடுத்தது வியப்பளித்ததா, அவரை மேலாளராகத் தேர்ந்தெடுத்ததே வியப்பளித்ததா என்று சொல்ல முடியாது. தமிழிலும் 'தலைவர் தேர்வு' என்ற தொகைக்குத் தலைவரைத் தேர்ந்தெடுத்தல் என்றும் தலைவர் செய்த தேர்வு என்றும் இரு பொருள் கொள்ளலாம். நாமோ 'தலைவரைத் தேர்ந்தெடுத்தது' என்று வேற்றுமை உருபை விரித்து எழுதி மயக்கத்தைத் தீர்த்துவிடுகிறோம். ஆங்கிலத்தில் அந்த உருபுக்கு ஈடாக வினைச்சொல்லையே முன்னிறுத்த வேண்டும். மேலாளர் தேர்ந்தெடுத்தார் என்றால் 'தி மேனேஜர் சோஸ்' என்றும், அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்றால் 'ஷி வாஸ் சோசன் அஸ் மேனேஜர்' என்றும் எழுதுவதே நேர்வழி. பெயர்ச்சொல்லாகவே வேண்டுமென்றால், 'தி கமிட்டிஸ் சாய்ஸ் ஆஃப் ரவி அஸ் மேனேஜர்' என்ற அமைப்பு யார், யாரை, எதற்காக என்ற மூன்றையும் ஒரே தொடரில் சொல்லிவிடுகிறது. 'ஆஃப்' என்ற சொல்லுக்குப் பின் ஒரு பொருளோ செயலோ வந்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழுவதில்லை. 1948இல் வெளியான உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 23ஆம் உறுப்பில் வரும் 'ஃப்ரீ சாய்ஸ் ஆஃப் எம்ப்ளாய்மென்ட்' என்ற தொடரை எவரும் தவறாகப் படிக்க மாட்டார்கள், ஏனெனில் வேலை எதையும் தேர்ந்தெடுக்காது. அந்த இடத்தில் ஓர் ஆள் வந்தால்தான் நின்று யோசிக்க வேண்டும்.

அடுத்து, 'ஆஃப் யுவர் சாய்ஸ்', 'ஆஃப் யுவர் சூசிங்', 'யுவர் சாய்ஸ் ஆஃப்' என்ற மூன்று தொடர்கள். முதலிரண்டும் பொருளில் ஏறக்குறைய ஒன்றே. கைதானவர் தாம் விரும்பிய வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கும் உரிமையை நம் அரசமைப்புச் சட்டத்தின் 22(1) பிரிவு 'ஆஃப் ஹிஸ் சாய்ஸ்' என்று சொல்கிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்குரிய அதே வகை உரிமையை 1950ஆம் ஆண்டின் ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தம் 'ஆஃப் ஹிஸ் ஓன் சூசிங்' என்று எழுதுகிறது. இரண்டும் செம்மையான ஆங்கிலமே. ஆனால் 'சூசிங்' என்ற வடிவம் தேர்ந்தெடுக்கும் செயலையும் அதைச் செய்தவரையும் சற்று அழுத்திக் காட்டுவதால், தாம் வரவழைத்துக்கொள்ளாத நிலைமையைக் குறிக்க 'நாட் ஆஃப் ஹெர் ஓன் சூசிங்' என்பதே இயல்பாகப் பொருந்துகிறது.

மூன்றாவது தொடர் வேறு வகை. உணவகப் பட்டியலில் 'யுவர் சாய்ஸ் ஆஃப் சட்னி' என்று இருந்தால், அவர்கள் வைத்திருக்கும் சட்னிகளில் ஒன்றை நீங்கள் கேட்கலாம் என்பதே வழக்கமான பொருள். வெளியூர்ப் பயணம் செல்லும் ஊழியருக்கு நிறுவனம் 'எ ஹோட்டல் ஆஃப் யுவர் சாய்ஸ்' என்று எழுதினாலோ, எந்த விடுதியானாலும் சரி என்ற பொருள் வந்துவிடும்; பின்னர் கட்டணத்தைத் தர மறுத்தால் வழக்கு ஊழியர் பக்கமே சாயும். மூன்று விடுதிகளுக்குள் ஒன்று என்பது எண்ணமானால், 'எனி ஒன் ஆஃப் தி த்ரீ ஹோட்டல்ஸ் லிஸ்டெட் பிலோ' என்று வரம்பைச் சொல்லிவிடுவது நல்லது. நம் அலுவலகங்களில் ஓயாமல் வரும் 'அஸ் பெர் யுவர் சாய்ஸ்' என்பதை நான் தவிர்ப்பேன். 'அஸ் யூ ப்ரிஃபர்' என்ற மூன்று சொற்கள் அதே வேலையை எளிமையாகச் செய்கின்றன.

உரியவர் யார் என்று காட்ட ஆங்கிலத்தில் இடும் உடைமைக்குறி (அப்பாஸ்ட்ரஃபி) காதுக்குக் கேட்பதில்லை என்பதால் எழுத்தில் அதற்குத் தனிக் கவனம் வேண்டும். பெற்றோரில் ஒருவர் மட்டும் முடிவு செய்திருந்தால் குறி 'எஸ்' எழுத்துக்கு முன்னும், இருவரும் சேர்ந்து செய்திருந்தால் அதற்குப் பின்னும் வரும். ரவியும் மீனாவும் சேர்ந்து ஒரே பள்ளியைத் தேர்ந்தெடுத்திருந்தால், குறி மீனாவின் பெயருக்கு மட்டும் போதும். தனித்தனியே வெவ்வேறு பள்ளிகளைச் சொல்லியிருந்தால் இரண்டு பெயர்களுக்கும் குறி இட்டு, 'சாய்சஸ்' என்று பன்மையில் எழுத வேண்டும். 'தி சாய்ஸ் இஸ் யுவர்ஸ்' என்னும்போது 'யுவர்ஸ்' என்ற சொல்லில் குறி வரவே கூடாது.

ஆணா பெண்ணா என்று தெரியாத ஒருவரைப் பற்றி எழுதும்போது, 'ஈச் ஸ்டூடன்ட் மஸ்ட் சப்மிட் தெயர் சாய்ஸ்' என்று ஒருமைக்கும் 'தெயர்' எழுதலாமா என்ற தயக்கம் பலருக்கு உண்டு. எழுதலாம், 2019இல் வெளியான அமெரிக்க உளவியல் சங்க நடைக் கையேட்டின் ஏழாம் பதிப்பே இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. மனம் ஒப்பவில்லையானால், மாணவர்களைப் பன்மையாக்கி 'ஸ்டூடன்ட்ஸ் மஸ்ட் சப்மிட் தெயர் சாய்சஸ்' என்று எழுதினால் போதும்.

இனி, சொல்லைத் தேர்ந்தெடுப்பது. கிடைக்கக்கூடிய வழிகள் 'ஆப்ஷன்'. மனம் ஒன்றின் பக்கம் சாய்வது 'ப்ரிஃபரன்ஸ்'. எடுத்து முடித்தது 'டிசிஷன்'. 'சாய்ஸ்' என்ற சொல் தேர்ந்தெடுக்கும் செயலையும், தேர்ந்தெடுத்த பொருளையும், சில வேளைகளில் முன்னே கிடக்கும் வழிகளையும் குறிப்பதால், அது தனியே நின்றால் குழப்பும். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் 'சாய்ஸ் ஃபில்லிங்' என்று எல்லோரும் சொல்வது உண்மையில் விருப்ப வரிசையை நிரப்புவதைத்தான். ஆகவே ஒதுக்கீடு வந்த பிறகு கல்லூரிக்கு எழுதும் மாணவர், 'ஐ சோஸ் யுவர் காலேஜ்' என்று மட்டும் எழுதாமல், 'ஐ வாஸ் அலாட்டட் எ சீட் இன் யுவர் காலேஜ், விச் வாஸ் மை தேர்ட் சாய்ஸ்' என்று எழுதினால் நடந்தது அப்படியே விளங்கும். மூன்றாம் இடம் என்பதைச் சொல்ல விருப்பமில்லையானால் பின்பகுதியை விட்டுவிடலாம். முன்பகுதியே உண்மையைச் சொல்லிவிடுகிறது.

எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்பதைச் சுருக்கமாகவே சொல்லலாம். 'ப்ரிஃபர்' என்ற வினையோடு 'தேன்' என்ற ஒப்பீட்டுச் சொல் சேராது. காப்பியைவிடத் தேநீர் பிடிக்கும் என்பது 'ஐ ப்ரிஃபர் டீ டு காஃபி'. 'பிட்வீன்' வந்தால் இரண்டு பொருள்களுக்கு நடுவே 'ஆர்' அல்ல, 'அண்ட்' வர வேண்டும். தேர்வை 'மேக்' செய்கிறோம், 'டூ' செய்வதில்லை. நிகழ்காலத்துச் 'சூஸ்' இரண்டு 'ஓ' எழுத்துகளையும், இறந்தகாலத்துச் 'சோஸ்' ஒரே 'ஓ' எழுத்தையும் கொண்டவை. 'சூஸ்ட்' என்று ஒரு வடிவமே கிடையாது.

தொனியிலும் கவனம் தேவை. 'இட்ஸ் யுவர் சாய்ஸ்' என்ற தொடர் எழுத்தில் பல நேரம் 'எப்படியோ போங்கள்' என்று சலித்துக்கொள்வதுபோல ஒலிக்கும். 'ப்ளீஸ் லெட் மீ நோ விச் யூ ப்ரிஃபர்' என்று கேட்டால் அந்தக் கசப்பு வராது. 'வை டிட் யூ சூஸ் திஸ்?' என்பதும் குற்றம் சாட்டுவதாகப் படும். 'வாட் மேட் யூ சூஸ் திஸ்?' என்றால் ஆர்வம் தெரியும்.

வேறு வழியின்றிச் செய்ததைத் தேர்வு என்று எழுதுவது பிழை மட்டுமல்ல, அநீதியும்கூட. 'ஹாப்சன்ஸ் சாய்ஸ்' என்பதை இரண்டு கடினமான வழிகளுக்கு இடையே திண்டாடுவது என்று பலர் எண்ணிக் கையாளுகிறார்கள். கேம்பிரிட்ஜில் குதிரைகளை வாடகைக்கு விட்டு, 1631இல் இறந்த தாமஸ் ஹாப்சன், வாசலுக்கு அருகில் நிற்கும் குதிரையை எடு, இல்லையேல் எதுவும் இல்லை என்று சொல்லிவந்ததாக வழங்கும் செய்தியிலிருந்து பிறந்த தொடர் அது. தேர்வே இல்லாத தேர்வு என்பதே அதன் பொருள். ஆட்குறைப்பில் வெளியேற்றப்பட்ட ஓர் ஊழியருக்கு அனுபவச் சான்றிதழ் எழுதும்போது 'ஷி சோஸ் டு லீவ்' என்று போட்டுவிட்டால், அடுத்த வேலைக்கான நேர்காணலில் ஏன் விலகினீர்கள் என்ற கேள்விக்கு அவர் சொல்லும் உண்மையான பதிலை அந்தக் காகிதமே பொய்யாக்கும். அங்கே 'ஹெர் பொசிஷன் வாஸ் எலிமினேட்டட்' என்று எழுத வேண்டும். தாமாக விலகியவருக்கு 'ஷி ரிசைன்ட்' போதும். குடும்பச் சூழலால் விலக நேர்ந்து, அதைக் குறிப்பிடும்படி அவரே கேட்டுக்கொண்டால், 'ஷி ஹேட் நோ சாய்ஸ் பட் டு ரிசைன்' என்று எழுதலாம். இந்த அமைப்பில் 'பட்' என்ற சொல்லுக்குப் பின் 'டு' வருவதை விட்டுவிடக் கூடாது.