பயணக் குறிப்பேடு: எழுதுபவரை மேம்படுத்தும் பழக்கம்

பயணம் எழுத வருபவர்கள் பெரும்பாலும் கேமராவில் தொடங்குகிறார்கள். குறிப்பேட்டில் தொடங்குவது நல்லது. கண்ணுக்குத் தெரிந்ததைக் கேமரா பிடித்து வைக்கும். எதை எதிர்பார்த்துப் போனோம், எங்கே கணக்குத் தப்பியது, யார் சொன்னதை நம்பினோம் என்பதெல்லாம் எழுதி வைத்தால்தான் மிஞ்சும். எழுத்து தேறுவது அந்தக் கணக்கிலிருந்துதான். எழுதுபவர் தேறுவதும் அப்படியே.

அன்றன்றே எழுத வேண்டும். உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து தம்மையே சோதித்துப் பார்த்தார். மறதி முதல் சில மணி நேரத்தில்தான் மிக வேகமாக நடக்கிறது, பிறகு மெல்லத் தணிகிறது என்று 1885-இல் வெளியான தம் நூலில் காட்டினார். அசைகளைவிட அனுபவம் நன்றாக நினைவில் நிற்கும், உண்மைதான். ஆனால் நேரம், தூரம், பெயர், ஒருவர் சொன்ன வாக்கியம் போன்ற சில்லறைத் தகவல்கள் சீக்கிரம் நழுவும். கட்டுரைக்கு உயிர் தருபவை அவைதான்.

குறிப்பேடும் மூன்று எழுத்துகளும்

சட்டைப்பையில் அடங்கும் ஏ6 அளவு போதும். பேனாவைவிடப் பென்சில் நம்பகமானது. ஈரத்தில் அதன் எழுத்து கலையாது. கடுங்குளிரில் பேனா மை கெட்டியாகி நின்றுவிடும். பக்கங்களுக்கு முன்கூட்டியே எண் போடுங்கள். இடப்பக்கம் தகவல்: நேரம், இடம், கட்டணம், நடந்த நிமிடங்கள். வலப்பக்கம் உங்கள் மனதில் பட்டது. இரண்டும் கலந்தால் பிறகு பிரிக்க முடியாது.

ஒவ்வொரு தகவலுக்கும் முன்னால் ஓர் எழுத்து இடுங்கள்: நேரில் பார்த்ததற்குப் 'பா', பிறர் சொல்லிக் கேட்டதற்குக் 'கே', நீங்களாக ஊகித்ததற்கு 'ஊ'. இந்தச் சின்னஞ்சிறு பழக்கம்தான் எழுத்தின் நேர்மையைக் காப்பாற்றும். சில வாரங்கள் போனால் கேட்டதைப் பார்த்ததாகவே மனம் சேமித்துவிடும். பொய் சொல்லும் எண்ணம் இல்லாமலே தவறான செய்தி அச்சேறிவிடும். 'கே' என்றால் யார் சொன்னார் என்பதையும் சேருங்கள். வழிகாட்டி சொன்ன வரலாறும் கல்வெட்டில் இருக்கும் வரலாறும் ஒரே எடை அல்ல.

உரிச்சொற்களைக் குறிப்பேட்டில் முடிந்தவரை தவிருங்கள். 'செங்குத்தான ஏற்றம்' என்ற குறிப்பு வீட்டுக்கு வந்தபின் எதற்கும் உதவாது. '40 நிமிடம், நடுவில் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினேன், கைப்பிடி இல்லை' என்றால், முழங்கால் வலி உள்ள வாசகர் தாமாகவே முடிவெடுக்கலாம். கேமராவுக்கு எட்டாதவற்றுக்கு முதலிடம் கொடுங்கள்: வாசனை, ஓசை, காற்றின் திசை, வரிசையில் நின்ற நேரம்.

படங்களும் நகல்களும்

கேமராவின் கடிகாரம் பெரும்பாலும் தானாக டைம் ஜோன் மாறாது. ஊர் மாறியதும் போன் கடிகாரத்தை அந்தக் கேமராவில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். பிறகு இரண்டு கடிகாரங்களுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணினியில் எல்லாப் படங்களுக்கும் ஒரே முறையில் சேர்த்துச் சரிசெய்யலாம். படத்தின் நேரமும் குறிப்பின் நேரமும் பொருந்தினால்தான் எது எங்கே என்ற குழப்பம் தீரும். இடத்தைக் குறிக்க அட்சரேகை, தீர்க்கரேகையில் நான்கு தசம இலக்கம் எழுதினால் சுமார் 11 மீட்டர் துல்லியம் கிடைக்கும். ஐந்து எழுதினால் ஏறத்தாழ 1 மீட்டர். பறவைகள் கூடு கட்டும் இடம், காவலற்ற தொல்லிடம், ஒருவரின் வீடு ஆகியவற்றுக்கு இந்தத் துல்லியத்தை வெளியிட வேண்டாம். படக்கோப்புக்குள் ஒளிந்திருக்கும் இடத்தகவலையும் நீக்கிவிட்டே பதிவேற்றுங்கள்.

மூன்று நகல், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வேறிடத்தில் என்பது பழகிய விதி. மெமரி கார்டும் ஹார்ட் டிஸ்க்கும் ஒரே பைக்குள் இருந்தால், பை தொலையும்போது அவை ஒரே நகல்தான். தவறுதலாகப் படங்களை அழித்துவிட்டால் அந்தக் கார்டில் மேற்கொண்டு ஒரு படம்கூட எடுக்காதீர்கள். அழிக்கும்போது பெரும்பாலும் பட்டியல்தான் போகிறது. தரவின் மேல் புதுப்படம் எழுதப்படும் வரை மீட்க வழி உண்டு.

தவறுப் பக்கம்

குறிப்பேட்டின் கடைசிப் பத்துப் பக்கங்களை இதற்கென ஒதுக்குங்கள். இந்த முறையில் எல்லாவற்றையும்விட மதிப்புள்ள பகுதி இதுவே. படுக்கும் முன் மூன்று வரி: என்ன நடந்தது, ஏன் நடந்தது, அடுத்த முறை என்ன செய்வது. மூன்றாவது வரியில் பலரும் சறுக்குகிறார்கள். 'இனி கவனமாக இருக்க வேண்டும்' என்பது செயல் அல்ல, அதனால் எதுவும் மாறாது. கடைசிப் பேருந்து போய்விட்டது என்று வையுங்கள். காரணம், விடுமுறை நாளில் வேலைநாள் அட்டவணையைப் பார்த்தது. அடுத்த முறை: இறங்கியதும் நிறுத்தத்திலேயே அன்றைய நேரத்தைக் கேட்பது, கடைசிக்கு முந்தைய வண்டியைக் குறி வைப்பது. இப்படி எழுதினால்தான் அது கையில் ஒரு கருவியாகும்.

பணம், நேரம், உடம்பு தவிர மனிதர்களோடு ஏற்படும் உரசல்களையும் இதில் எழுதுங்கள். எரிச்சலில் ஒருவரிடம் குரல் உயர்ந்திருந்தால், அதற்கு முன் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், எப்போது சாப்பிட்டீர்கள் என்பதையும் சேருங்கள். சில பயணங்களின் பக்கங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருவது தெரியும். பலருக்கும் அது ஒரு நாளில் அதிக இடங்களை அடைத்தது. நான்கு நாளுக்கு ஒரு நாள் எங்கும் நகராமல் இருப்பது நல்ல தொடக்கம். குறிப்புகளை ஒழுங்குபடுத்தவும் அந்த நாள் உதவும்.

கட்டுரையாக்கும்போது

திரும்பிய மூன்று நாளுக்குள் கரட்டு வடிவம் எழுதிவிடுங்கள். பிறகு ஒரு வாரம் தொடாதீர்கள். காலை முதல் இரவு வரை வரிசையாகச் சொல்வது எளிது, ஆனால் வாசகர் தேடி வந்த கேள்வி அதில் புதைந்துவிடும். ஒரு கேள்வியைத் தேர்ந்து அதற்கு வேண்டாததை வெட்டுங்கள். 'கே', 'ஊ' எழுத்துள்ள ஒவ்வொரு தகவலையும் ஒன்றை ஒன்று நகலெடுக்காத இரண்டு இடங்களில் சரிபாருங்கள். உறுதியாகாதவை வெளியே போகட்டும்.

அடையாளம் தெரியும்படி ஒருவரைப் படமெடுத்தால் அனுமதி வேண்டும்; குழந்தை என்றால் பெற்றோரிடம். வெளியிடப் போகிறோம் என்பதையும் அப்போதே சொல்லுங்கள். தங்குமிடமோ பயணமோ இலவசமாகக் கிடைத்திருந்தால் முதல் பரிந்துரைக்கு முன்பே அதை எழுதுங்கள். கடைசி வரியில் சொன்னால், அதுவரை நம்பிப் படித்தவர் ஏமாந்ததாகவே உணர்வார்.

நீங்கள் பயணம் போன மாதமும் ஆண்டும் கட்டுரையின் தலைப்புக்குக் கீழே இருக்கட்டும். கட்டணம், திறக்கும் நேரம் போன்று மாறக்கூடியவற்றைத் தனிப் பத்தியில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பழைய கட்டுரை ஒன்றை எடுத்து அந்தப் பத்தியை மட்டும் புதுப்பித்தால் போதும். தகவல் தவறு கண்டால் சத்தமில்லாமல் மாற்றாமல், எது தவறு, எந்தத் தேதியில் திருத்தினோம் என்று அடியில் ஒரு வரி சேருங்கள்.